கண்ணுக்கு பிரைட், நாக்குக்கு பிரிஸ்க்

கொழும்பு ஏலத்துக்குப் போன தேயிலையைப் பற்றி புரோக்கரிடமிருந்து தோட்டத்துக்குத் திரும்பி வரும் ருசிக்குறிப்பு ஒன்றிரண்டு வரிக்கு மேல் போகாது. அந்த வரிகளில் ஓயாமல் வந்துபோகும் ஆங்கிலச் சொற்கள் இரண்டு: பிரைட், பிரிஸ்க். இரண்டும் புகழ்ச்சிதான். பல வேளை ஒட்டிக்கொண்டே வரும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பழகுகிறவர்கள் இரண்டையும் "நல்ல டீ" என்ற ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

அதன் விளைவு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. "பிரைட்டாக இருக்கிறது, பிரிஸ்க் போதாது" என்று ஒரு குறிப்பு வருகிறது. உடனே நசுக்கிய இலையைப் பரப்பி வைக்கும் நொதிப்பு மேசையில் நேரத்தைக் குறைக்கிறார்கள். பிழை இருந்ததோ இலையை உலர்த்தும் டிரையரில். அடுத்த இன்வொய்ஸ், அதாவது அடுத்த தொகுதித் தேயிலை, ஏலத்துக்குப் போகும்போது பழைய குறை அப்படியே இருக்க, பச்சை வாடை என்ற புதுக் குறையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பெயரடைகளைக் குழப்பியதால் வந்த நட்டம் அது.

சுருக்கமாகச் சொன்னால் பிரைட் கண்ணால் பார்த்துச் சொல்வது, பிரிஸ்க் வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வது. ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு ருசி பார்க்கும் மேசைக்குப் போனால் பாதி வழிதான் போகலாம். இரண்டும் இலைக்குள் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. குழப்பத்துக்கு உண்மையான காரணம் அது.

முதலில் பிரைட். கிண்ணத்தில் ஊற்றிய சாயத்தை, அதாவது லிக்கரை, மேலிருந்து பார்க்கும்போது நடுவில் நிறம் ஆழமாக இருக்கும். கிண்ணத்தின் விளிம்பைத் தொடும் இடத்தில் சாயம் மெல்லிசாகி ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் பொன்னிறமாகவோ செம்மஞ்சளாகவோ பளிச்சென்று நின்றால் அது பிரைட். பழுப்பேறி, வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு கிடந்தால் டல். இங்கே நிறம் கூடவா குறைவா என்பது கேள்வியே இல்லை. நுவரெலியா டீ வெளிறிய சாயமாக இருந்துகொண்டே பிரைட்டாக இருக்கும். தாழ்ந்த பகுதியில் விளையும் கீழ்நாட்டு டீ கருஞ்சிவப்பாக இருந்தும் பிரைட்டாக இருக்கலாம். நிறத்தின் அளவைச் சொல்ல கலரி என்று வேறொரு சொல் இருக்கிறது. "கலர் நல்லா ஏறியிருக்குங்கையா, பிரைட் எழுதிறலாமா?" என்று கேட்கிற பையனுக்கு முதலில் புரியவைக்க வேண்டியது இதைத்தான்.

பிரைட்டுக்கு இன்னொரு இடமும் உண்டு, இன்பியூஷன். தேயிலைத் தொழிலில் இந்தச் சொல் ஊற வைத்து வடித்த பிறகு மிஞ்சும் இலையைக் குறிக்கும். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சாயத்தையே இன்பியூஷன் என்பார்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிற படித்த பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இது. மூடியின் மேல் கவிழ்த்த ஈர இலை புதுச் செப்புக்காசு நிறத்தில் இருந்தால் "பிரைட், கொப்பரி இன்பியூஷன்" என்று எழுதலாம். "பிரிஸ்க் இன்பியூஷன்" என்று எழுத முடியாது. ஈர இலையை யாரும் வாயில் போட்டுப் பார்ப்பதில்லை. காய்ந்த தேயிலைக்கோ இரண்டு சொல்லுமே பொருந்தாது. அதற்கு பிளாக், பிரவுன், வயரி, புளூம் என்று தனி அகராதியே இருக்கிறது.

இனி பிரிஸ்க். கரண்டியில் எடுத்த சாயத்தைச் சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கத் தெறிக்கவிட்டு, ஒரு கணம் வைத்திருந்து துப்பும்போது ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒரு சுருக்கென்ற பிடிப்பு தெரியும். பிடித்த உடனே விட்டுவிடும். வாய் சுத்தமாக இருக்கும், எச்சில் ஊறும், இன்னொரு மிடறு கேட்கும். அதுதான் பிரிஸ்க். துவர்ப்பு இதன் ஒரு பங்கு, ஆனால் துவர்ப்பு முழுவதும் பிரிஸ்க் ஆகாது. மூப்பேறாத வாழைப்பூவை மென்றாலும் துவர்க்கும், அதை யாரும் பிரிஸ்க் என்று சொல்வதில்லை. துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு பின்னால் கசப்பாக மாறினால் அது ரோ அல்லது ஹார்ஷ். பிடிப்பு பலமாக இருந்து, கசப்பு இல்லாமல் இருந்தால் பஞ்சன்ட். இந்த வரிசையில் பிரிஸ்க்கின் அடையாளம் அதன் வேகம். வந்ததும் தெரிய வேண்டும், போனதும் தெரிய வேண்டும்.

ஒரு பெயரடையின் எல்லையைப் பிடிக்க அதன் எதிர்ச்சொல்லைப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. பிரைட்டுக்கு எதிர் டல். பிரிஸ்க்குக்கு எதிர் சொஃப்ட். பழசாகிப்போன டீயாக இருந்தால் ஃபிளட். நம் பேச்சில் முதலாவது மங்கல், மற்றவை இரண்டும் சப்பென்று இருப்பது. குறிப்பு எழுதும்போது சந்தேகம் வந்தால் "இதில் இல்லாதது பளிச்சா, சுருக்கா?" என்று கேட்டுக்கொண்டால் போதும். ஒரு சிக்கல்: லிக்கரைப் பற்றி டல் என்று எழுதும்போது பழைய ஆட்கள் பிரைட்டும் இல்லை, பிரிஸ்க்கும் இல்லை என்ற பொருளில் எழுதுவார்கள். ஆக டல் கொஞ்சம் அகலமான சொல். சொஃப்ட் அப்படியல்ல, வாயோடு மட்டும் நிற்கும்.

தேயிலை மேசைக்கு வெளியேயும் இந்தச் சொற்களின் குணம் மாறுவதில்லை. பிரைட் வெளிச்சத்தின் சொல்: விளக்கு, வானம், நிறம், அங்கிருந்து நகர்ந்து மூளை, எதிர்காலம். பிரைட் ஸ்டூடண்ட் என்றால் சூட்டிகையான பிள்ளை. பிரிஸ்க் அசைவின் சொல்: நடை, காற்று, வியாபாரம். டொக்டர் தினமும் அரை மணி நேரம் பிரிஸ்க் வோக் போகச் சொல்வார், பிரைட் வோக் என்று ஒன்று கிடையாது. பிரிஸ்க் ஸ்டூடண்ட் என்று யாராவது எழுதினால் அந்தப் பிள்ளை கெட்டிக்காரன் என்று ஆகாது, துடியாக ஓடியாடுகிறவன் என்றுதான் படும். ஒருவருடைய பேச்சு பிரிஸ்க் என்று சொன்னால் அதில் கொஞ்சம் வெடுக்கென்ற தன்மையும் கலந்திருக்கும். பிரைட்டில் அந்த உறைப்பு இல்லை. ஏல அறிக்கையிலும் கவனம் வேண்டும். "பிரிஸ்க் டிமாண்ட்" என்று வந்தால் அது டீயின் ருசியைச் சொல்லவில்லை. செவ்வாய், புதனில் ஏலம் விறுவிறுப்பாகப் போனதாக அர்த்தம். சந்தைப் பத்தியில் ஒரு பொருள், ருசிப் பத்தியில் ஒரு பொருள்.

இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதற்கு இலைக்குள் போக வேண்டும். கொழுந்தின் காய்ந்த எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை கட்டெச்சின் வகைப் பொலிபீனோல்கள். ரோலரில் இலை நசுங்கி, கலம் உடைந்து, இவற்றோடு நொதியமும் காற்றின் ஒட்சிசனும் கலக்கும்போது முதலில் தியாஃபிளவின் உண்டாகிறது, அது செம்மஞ்சள் நிறம். நேரம் போகப் போக தியாருபிஜின் கூடுகிறது, அது செம்பழுப்பு. நாம் நொதிப்பு என்கிறோமே தவிர நடப்பது ஒட்சியேற்றம். பற்றீரியாவுக்கு அங்கே வேலையில்லை, வந்தால் தொல்லைதான். பிரைட்டைக் கொடுப்பது தியாஃபிளவின். சாயத்தின் ஆழத்தையும் கனத்தையும் கொடுப்பது தியாருபிஜின். முடிந்த தேயிலையில் தியாஃபிளவின் 2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. தியாருபிஜினோ 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். அவ்வளவு சிறிய பங்குதான் கிண்ணத்தின் விளிம்பில் பளிச்சென்று நிற்கிறது.

பிரிஸ்க்குக்கும் தியாஃபிளவின் வேண்டும். ஆனால் அது தனியாகப் போதாது, கூடவே கஃபீன் வேண்டும். இரண்டும் சாயத்தில் ஒன்றோடொன்று பிணையும்போதுதான் துவர்ப்பு அந்தச் சுருக்கென்ற குணத்தைப் பெறுகிறது. கஃபீன் நீக்கிய தேயிலையை ஊற வைத்துப் பாருங்கள். விளிம்பு வளையம் நன்றாகவே தெரியலாம். வாயில் வைத்தால் துவர்ப்பு மட்டும் மந்தமாகக் கிடக்கும், துள்ளல் இருக்காது. பிரைட் இருந்து பிரிஸ்க் இல்லாத டீக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று: பிளேன்டீயில் தேசிக்காயைப் பிழியுங்கள். அமிலம் பட்டதும் சாயத்தின் பழுப்பு இறங்கி மஞ்சள் ஓங்கும். கண்ணுக்கு பிரைட் ஆனது போலத் தெரியும். வாயில் வந்து சேர்வது புளிப்பு, பிரிஸ்க் அல்ல. ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைப் போட்டால் நேர்மாறு: சாயம் கறுத்து, மங்கி, வாயில் வழவழக்கும். தண்ணீரின் குணத்துக்கும் இதே கணக்குத்தான். மலையின் மென்மையான ஊற்றுத் தண்ணீரில் பிரைட்டாக இருந்த டீ, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீரில் கறுத்து மங்கி, மேலே ஆடை போலப் படலம் கட்டும். தேயிலையில் குறையில்லை. ஊரில் உள்ள சொந்தக்காரருக்கு நல்ல பி.ஓ.பி தரத் தேயிலையை அனுப்பிவிட்டு "கலப்படம் போல இருக்கே" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறவர்களுக்கு இந்த விளக்கம் உதவும்.

பால் இன்னொரு விதமாகப் பிரித்துக் காட்டும். பாலில் உள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும், பிரிஸ்க் அமுங்கிவிடும். பிரைட்டோ பாலோடு இன்னும் தெளிவாகத் தெரியும். பிரைட்டான லிக்கரில் பால் விட்டால் பொன்னிறம் அல்லது செம்பொன் நிறம் வரும், டல்லான லிக்கரில் சாம்பல் கலந்த பழுப்பு வரும். ஆகவே பால் விட்ட கிண்ணத்தைப் பார்த்து பிரைட் எழுதலாம், பிரிஸ்க் எழுதக்கூடாது. பிரிஸ்க்குக்குச் சாயம் மட்டும்தான் சாட்சி.

அடுத்தது மேசையில் அதிகம் ஏமாற்றுகிற சங்கதி. நல்ல மேல்நாட்டு டீயை ஊற்றி வைத்து, ஆறிய பிறகு திரும்பி வந்து பார்த்தால் சாயம் கலங்கலாக, மண் கரைத்தது போல இருக்கும். புதியவர் "டல்" என்று எழுதிவிடுவார். உண்மையில் அது கிரீமிங் டவுன்: சூடு இறங்கும்போது தியாஃபிளவினும் கஃபீனும் பிணைந்து சாயத்தில் கரையாமல் திரண்டு நிற்பது. பிரைட்டுக்கும் பிரிஸ்க்குக்கும் காரணமான அதே பொருட்கள் கூடுதலாக இருப்பதன் அடையாளம். சந்தேகமென்றால் அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்தால் கலங்கல் தெளிந்துவிடும். உண்மையான டல் சூடாக்கினாலும் டல்தான். இந்த ஒன்றைத் தெரியாமல் சீசன் டீயைக் கீழே இறக்கி மதிப்பிட்டவர்கள் பலர்.

இத்தனை தடுமாற்றங்கள் இருப்பதால்தான் ருசி பார்க்கும் முறைக்கு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ 3103 தரநிலை 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கிற தண்ணீர், 6 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. சிறிய குவளையென்றால் ஏறக்குறைய 2.8 கிராம். வெள்ளைப் பீங்கான், மூடி, வடிப்பதற்குப் பல் வைத்த வாய். பல ஸ்டோர்களில் 5 நிமிடத்தில் வடிக்கிறார்கள். 5ஆ 6ஆ என்பது பெரிய விடயமில்லை, எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே நேரம் இருக்க வேண்டும். முதல் குவளைக்கு மணி வைத்து, கடைசிக் குவளையை அதற்குப் பிறகு ஊற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக வடிப்பது ஸ்டோர்களில் காணும் சோம்பல் வேலை. கடைசிக் கிண்ணத்தில் காணும் "சொஃப்ட்" பல வேளை அதனால் வந்தது.

வெளிச்சம் பிரைட்டுக்கு உயிர். மேசையை வடக்குப் பார்த்த ஜன்னலோரம் போடுவது நேரடி வெயில் விழாமல் ஒரே அளவான வெளிச்சம் கிடைக்கத்தான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லா டீயும் பிரைட்டாகத் தெரியும், வெள்ளை டியூப் லைட்டில் நல்ல டீயும் மங்கித் தெரியும். மழை மூட்டத்தில் பார்த்த டீயையும் வெயில் நாளில் பார்த்த டீயையும் ஏட்டில் வைத்து ஒப்பிடுவது வீண். நேற்றைய டீயை இன்றைய டீயோடு பக்கத்தில் வைத்து மறுபடி ஊற வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரிஸ்க்குக்குச் சூடு முக்கியம். கொதிக்கக் கொதிக்க உறிஞ்சினால் சுடுகிறதே தவிர பிடிப்பு தெரியாது. குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டும். தரமும், அதாவது இலையின் அளவு வகையும், ஒன்றாக இருக்க வேண்டும். பி.ஓ.பி.எஃப் தூள் சிறிது, அதே நிமிடத்தில் கூடுதலாக இறங்கும். ஓ.பி நீள இலை, லேசாகத்தான் இறங்கும். அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒன்றை பிரிஸ்க் என்றும் மற்றதை சொஃப்ட் என்றும் எழுதினால் அது இலையின் அளவைப் பற்றிய குறிப்பே ஒழிய டீயைப் பற்றியதல்ல.

உயரத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100. அதே தேயிலை, அதே நிமிடம், ஆனால் மலையில் சாயம் சற்றுக் குறைவாக இறங்கும். தண்ணீரும் வேறு. ஸ்டோரில் எழுதிய குறிப்புக்கும் கொழும்பிலிருந்து வரும் குறிப்புக்கும் அரைப்படி வித்தியாசம் இருப்பதற்கு எல்லா நேரமும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

இனி விசயத்தின் கனமான பகுதி: எது குறைந்தால் ஸ்டோரில் எங்கே போய்ப் பார்ப்பது.

பிரைட் குறைந்தால் தேடலைக் கொழுந்திலிருந்தே தொடங்க வேண்டும். முற்றிய இலை கூடியிருக்கிறதா, சாக்கில் அமுக்கி அடைத்து லொறி வரும்வரை வெயிலில் கிடந்ததா என்று பார்க்க வேண்டும். அமுங்கிச் சூடேறிய கொழுந்தின் கலம் அங்கேயே உடைந்து, ரோலரைக் காணும் முன்பே ஒட்சியேற்றம் தொடங்கிவிடும். வாட்டுத் தொட்டியில் கொட்டும்போதே சிவந்த இலை கண்ணில் படும். அந்த இலை எத்தனை வீதம் கலந்திருக்கிறதோ அந்த அளவுக்கு இன்பியூஷனில் கறுத்த திட்டு தெரியும். இதற்கு டிரையரில் மருந்து கிடையாது.

அடுத்த இடம் ரோலிங் அறை. ஈர இலைக்குள் ஒட்சியேற்றம் நடக்கும்போது சூடு பிறக்கும். அறை 20 முதல் 24 பாகைக்குள் இருந்தால் நல்லது. சூடு ஏறினால் தியாஃபிளவின் உண்டாகும் வேகத்தைவிட அழியும் வேகம் கூடும். நொதிப்பு மேசையில் தூளை, அதாவது நசுக்கிச் சலித்த ஈர இலையை, 5 முதல் 8 சென்டிமீற்றர் கனத்துக்குப் பரப்புவது வழக்கம். மேல்நாட்டில் குளிர் நாளில் கொஞ்சம் கனமாகவும், வெயில் நாளில் மெல்லிசாகவும் பரப்ப வேண்டும். ஈரப்பதனை 95 சதவீதத்தை ஒட்டி வைக்காவிட்டால் மேல் படை காய்ந்து கறுத்துவிடும், அந்தக் கறுப்பும் இன்பியூஷனில் வரும். நேரத்தை ரோலரில் இலை விழுந்த கணத்திலிருந்து எண்ண வேண்டும், மேசையில் பரப்பிய கணத்திலிருந்து அல்ல. இலையை மறுபடி மறுபடி ரோலரில் போட்டுச் சலிக்கும்போது முதல் தூள் அரை மணி நேரத்தில் பிரிந்து மேசைக்கு வரும். மூன்றாம், நான்காம் தூள் அதற்குள் ரோலரிலேயே பாதி நொதித்துவிட்டிருக்கும். அவற்றுக்கும் முதல் தூளுக்குக் கொடுத்த நேரத்தையே மேசையில் கொடுத்தால் டல் வருவது நிச்சயம்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, யாரும் சட்டென்று நினைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று சுத்தம்: ரோலர் பித்தளை வரிகளுக்கிடையிலும் சல்லடை மூலைகளிலும் நேற்றைய தூள் ஒட்டியிருந்தால் பற்றீரியா பெருகும், இன்பியூஷன் மங்கி புளிப்பு வாடையும் தொற்றும். மற்றது இரும்பு. தேயிலையின் பொலிபீனோல் இரும்போடு சேர்ந்தால் கருமை. பூச்சுக் கழன்ற இரும்புத் தகட்டில் ஈரத் தூள் கிடந்தால் அந்த இடத்துத் தூள் மட்டும் கறுத்து நிற்கும்.

பிரிஸ்க் மட்டும் குறைந்து, பிரைட் ஓரளவு நின்றால் தேடலை மறு நுனியில் தொடங்க வேண்டும்: டிரையர், அதற்குப் பிறகு களஞ்சியம். டிரையரின் உள்வரும் காற்று 90 முதல் 100 பாகை, வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை, இலை உள்ளே இருக்கும் நேரம் ஏறக்குறைய 20 நிமிடம், வெளிவரும் தேயிலையில் ஈரம் 3 சதவீதம். இந்த நான்கில் வெளியேறும் காற்றின் சூடுதான் காட்டிக்கொடுக்கும் எண். அது 50க்குக் கீழே இறங்கினால் இலை உடனே காயாமல் ஈரச் சூட்டில் புழுங்கும். நொதியம் சாகத் தாமதமாகும், மேசையில் நிறுத்தியதாக நினைத்த ஒட்சியேற்றம் டிரையருக்குள் தொடரும். வெளிவருவது ஸ்டூட் டீ: சொஃப்டான சாயம், அவித்த கீரைபோல ஒரு மணம். காரணம் பெரும்பாலும் இலையைக் கனமாகப் பரப்பியது, அல்லது விறகு ஈரமாக இருந்து அடுப்புச் சூடு விழுந்தது, அல்லது மின்விசிறிப் பட்டி தளர்ந்து காற்று குறைந்தது. சூட்டைக் கண்டபடி ஏற்றுவதும் வைத்தியம் ஆகாது. மேல்புறம் பட்டென்று காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் நின்றுவிடும். அந்தத் தேயிலை சில கிழமைகளில் தானாகவே சொஃப்ட் ஆகும். இன்னும் ஏறினால் ஹை ஃபயர்ட், அதற்கு மேல் பேர்ண்ட். அவை பிரிஸ்க் போல நாக்கைப் பிடிக்கும், ஏமாறக்கூடாது: பிடிப்போடு கருகல் வாடை இருக்கும், வாய் சுத்தமாகாது.

களஞ்சியத்தில் ஈரம் ஏறுவது மெதுவான திருட்டு. தரம் பிரிக்கும் அறையில் மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் தேயிலை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 3 சதவீதத்தில் வெளிவந்தது 6, 7ஐத் தாண்டினால் முதலில் போவது பிரிஸ்க், பிறகு மணம், கடைசியாகத்தான் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். புரோக்கர் "ஃபிளட்" என்று எழுதும் டீயின் இன்பியூஷன் பல வேளை அழகாகவே இருப்பது இதனால்தான். ஸ்டோரில் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் அந்த இன்பியூஷனைக் காட்டி "என் டீயில என்ன குறை?" என்று கேட்பதும் இதனால்தான். அவர் செய்த டீயில் குறையில்லை, அதை வைத்த இடத்தில் குறை.

இரண்டுமே சேர்ந்து குறைந்தால் சந்தேகம் நடுவில் விழ வேண்டும்: நொதிப்பு நேரம் கூடிவிட்டது. தியாஃபிளவின் ஓர் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும், தியாருபிஜின் இறங்காமல் கூடிக்கொண்டே போகும். உச்சத்தைத் தாண்டிவிட்டால் சாயம் கறுத்து, கனத்து, மங்கிச் சொஃப்ட் ஆகும். நிறம் கேட்கும் சந்தைக்குச் செய்கிற கீழ்நாட்டு ஸ்டோர்கள் தெரிந்தே கொஞ்சம் தள்ளிப் போவார்கள், அது அவர்களுடைய தேர்வு. திம்புள்ள, நுவரெலியா போன்ற மேல்நாட்டு டீயில் அதைச் செய்தால் உள்ளதும் போச்சு. மறுபக்கம் நேரத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் இன்பியூஷனில் பச்சை தெரியும், வாயில் ரோ கசப்பு. அந்தக் கசப்பை பிரிஸ்க் என்று தங்களையே நம்பவைத்துக்கொள்கிற டீமேக்கர்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு.

சீசன் வரும்போது இன்னொரு குழப்பம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் கச்சான் காற்று வீசும்போது பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து டீயில் ஒரு குளிர்ந்த, புதினா சாயலுள்ள வாசம் வரும். நாக்கில் சில்லென்று படும். அதையும் பிரிஸ்க் என்று எழுதுகிறார்கள். அது ஃபிளேவரி, மூக்கின் சொல். மூக்கைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினால் அது மறைந்துவிடும். மறையாமல் நிற்கிற பிடிப்புத்தான் பிரிஸ்க். தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையான வரட்சியில் வரும் சீசன் டீயிலும் இதே சோதனை செல்லும்.

கடைசியாக, எழுதும் முறை. முதலில் இன்பியூஷன், பிறகு லிக்கர். லிக்கருக்குள் கண் முதலில், வாய் பிறகு. அதனால்தான் "பிரைட் அண்ட் பிரிஸ்க்" என்ற ஒழுங்கு, "பிரிஸ்க் அண்ட் பிரைட்" என்று அனுபவஸ்தர் எழுதுவது குறைவு. ஃபேர்லி பிரைட் என்றால் பரவாயில்லை என்ற அளவு, பிரைட் என்று மட்டும் வந்தால் அதற்கு மேல், வெரி பிரைட் சீசனுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது. "சம் பிரைட்னெஸ்" என்பதைப் பாராட்டாக எடுக்கக்கூடாது, இருக்கிறது ஆனால் தேட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். "லேக்கிங் பிரிஸ்க்னெஸ்" என்று வந்தால் ஏட்டில் அந்த இன்வொய்ஸின் பக்கத்தைத் திறந்து, நொதிப்பு நேரத்துக்கு முன் டிரையரின் வெளிக்காற்று எண்ணையும் பொதி கட்டிய நாளின் ஈர வீதத்தையும் பாருங்கள். அந்த இரண்டு எண்ணும் எழுதப்படாமல் வெற்றுக் கட்டமாக இருந்தால் நாளையிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.